பசளைக் கடைக் கடன், திரும்பிய செக், எழுதாத பங்கு: வன்னியில் வியாபார வழக்கு எங்கே போடுவது?

நெல்மணி | பரந்தன்

வணக்கம். சட்டம் தெரிந்தவர்களும் கோடு ஏறி இறங்கினவர்களும் பதில் தந்தால் பெரிய உதவி.

வட இலங்கையில் பரந்தன் பக்கம் பசளையும் (உரமும்) மருந்தும் விற்கிற சின்னக் கடை என்னுடையது. இங்கே வியாபாரம் எப்படி என்று தெரியும்தானே, விதைக்கிற நேரம் சாமான் போகும், வெட்டின பிறகுதான் காசு வரும். எல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் (தடித்த கணக்குக் கொப்பி) இருக்கிறது. ஒரு பக்கத்தில் உள்ளதை அப்படியே தருகிறேன். மேலே ஆளின் பெயர், அதன் கீழே: “யூரியா 3 பை, புல் மருந்து 2, முந்தின மீதியோடு 61,400. மாசி வெட்டோடு தாறன்.” சிலர் அதற்குக் கீழே கையெழுத்து வைத்திருக்கிறார்கள். சிலர் வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை, தெரிந்த முகங்கள். மாசி போய் இப்போது ஐப்பசி.

இரண்டாவது தலைவலி, போன காலபோகத்தில் (மழைக்கால நெற்செய்கை) இரண்டு லொறி நெல் வெளிமாவட்ட யாபாரி ஒருவருக்கு விட்டேன். பாதிக் காசு கையில் தந்தார், மீதிக்குச் செக். வங்கியில் போட்டேன், காசில்லை என்று திரும்பிவிட்டது. போன் எடுத்தால் “விலை விழுந்துபோச்சு, பொறுங்கோ” என்கிறார்.

மூன்றாவதுதான் மனவருத்தம். நானும் ஒரு நண்பனும் சேர்ந்து வெட்டு மெசின் ஒன்று எடுத்தோம். என் பங்கை வங்கி மூலம் அவனுடைய கணக்குக்கு அனுப்பினேன், மெசின் பதிவு அவன் பெயரில். இரண்டு மூன்று போகம் இலாபம் பிரித்தோம். இப்போது “நீ எனக்குக் கடனாகத்தானே தந்தாய், ஆறுதலாகத் தருகிறேன்” என்கிறான். எழுத்து எதுவும் இல்லை.

மூன்றையும் ஒரே வழக்காகப் போடலாமா? கிளிநொச்சியிலா, கொழும்பிலா?

மதுரைக்காரன்

நண்பரே, செக் விசயம் ரொம்ப சுலபம். 138வது பிரிவு. செக் திரும்பின தகவல் வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ், 15 நாள் அவகாசம், அப்புறம் மாஜிஸ்திரேட் கோர்ட். பார்ட்னர்ஷிப்புக்கு 1932 சட்டம். பாக்கி வசூலுக்கு மூன்று வருடம் இருக்கிறது, கவலை வேண்டாம்.

கறுப்புக்கோட் | வவுனியா

மதுரை அண்ணை, நீங்கள் சொன்னது இந்தியச் சட்டம். இந்தியாவில் இருக்கிறவருக்கு அது சரி. இலங்கைக்கு அதில் ஒன்றுகூடப் பொருந்தாது. யூடியூப்பில் தமிழ்நாட்டுச் சட்டத்தரணிகளின் காணொளியைப் பார்த்துவிட்டு “மூன்று வருசம் இருக்குத்தானே” என்று ஆறுதலாக வந்து நிற்பவர்கள் எனக்குப் பழக்கம். அவர்களில் பாதிப்பேரின் வழக்கு என் மேசைக்கு வரும்போதே செத்திருக்கும்.

நெல்மணி, முதலில் கொப்பிக் கடன். அதுதான் அவசரம், தொகை சின்னதாக இருந்தாலும்.

எங்கள் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கம். அதன் 8ஆம் பிரிவு, விற்றுக் கொடுத்த பொருள், கடை பில், கொப்பிக் கடன், செய்துகொடுத்த வேலைக்கான கூலி, இவற்றுக்கெல்லாம் ஒரே ஒரு வருடம்தான் தருகிறது. கடன் செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடம். வாய்மொழி ஒப்பந்தம் என்றால் 7ஆம் பிரிவில் மூன்று வருடம். எழுதி ஒப்பமிட்ட ஒப்பந்தம், புரோ நோட் (கடன் உறுதிச்சீட்டு), செக் என்றால் 6ஆம் பிரிவில் ஆறு வருடம். பசளைக் கடைக்காரன், கராஜ்காரன், மெசினை வாடகைக்கு விட்டு வெட்டிக் கொடுக்கிறவன் எல்லாரும் பொதுவாக அந்த ஒரு வருடக் கூண்டுக்குள்தான் நிற்கிறார்கள். வன்னியில் ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகத்தில் தாறன் என்பார்கள். அடுத்த போகமும் போனால் வருடம் முடிந்துவிடும்.

உங்களிடம் இப்போது ஐப்பசி. மாசி வெட்டோடு என்று எழுதியிருப்பதால் வருகிற மாசி வரைக்கும் மூச்சு இருக்கிறது. அதற்குள் கையெழுத்து இல்லாத பக்கங்களுக்கெல்லாம் ஒவ்வொருவரிடமும் போய், “இன்ன தொகை தரவேண்டியிருக்கிறது, இன்ன திகதிக்குள் தருவேன்” என்று எழுதி ஒப்பம் வாங்குங்கள். 12ஆம் பிரிவுப்படி வாயால் ஒப்புக்கொண்டால் போதாது, கையெழுத்தோடு எழுத்தில் வேண்டும். பகுதிக் காசு கட்டினாலும் காலம் புதிதாக ஓடத் தொடங்கும். அதனால் ஐயாயிரம் தந்தாலும் வாங்குங்கள், ஆனால் பற்றுச்சீட்டில் அவர் ஒப்பமும் திகதியும் இருக்கட்டும்.

கையெழுத்து உள்ள பக்கங்கள் வேறு கதை. “மாசி வெட்டோடு தாறன்” என்ற வரிக்குக் கீழே அவர் ஒப்பம் வைத்திருந்தால், அது வெறும் கொப்பிக் கடன் இல்லை, எழுத்திலான வாக்குறுதி என்று வாதாட இடம் உண்டு. எதிர்ப்பக்கம் இல்லையென்று வாதாடும். ஆனால் வாதாடவாவது ஒன்று இருக்கிறது. அந்தக் கொப்பியைப் பத்திரமாக வையுங்கள், அதில் இனி எதையும் வெட்டாதீர்கள், அழிக்காதீர்கள்.

ஒப்பமில்லாத பக்கத்தை மட்டும் வைத்து வெல்லலாம் என்றும் நினைக்கவேண்டாம். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, ஒழுங்காக எழுதி வந்த கணக்குப் புத்தகத்தை ஏற்கும். ஆனால் அது மட்டும் ஒருவர்மேல் கடனைச் சுமத்தப் போதாது. சாமானை ஏற்றிய பெடியன், லொறிக்காரன், வட்சப் செய்தி, ஏதாவது துணைச் சாட்சியம் வேண்டும்.

பூநகரிக்காரன்

இவ்வளவு எதற்கு? பொலிசில் ஒரு முறைப்பாடு போட்டால் ஆள் அடுத்த நாளே காசோடு வருவான். எங்கள் ஊரில் அப்படித்தான்.

கறுப்புக்கோட் | வவுனியா

வருவான், சில நேரம். கடன் வாங்கித் தராமலிருப்பது தன்னளவில் குற்றம் இல்லை. முதலே ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று காட்டினால்தான் தண்டனைச் சட்டக்கோவையின் வஞ்சனைக்குள் போகும். பொலிசுக்குக் கடன் அறவிடும் அதிகாரம் கிடையாது. அங்கே போய் வந்து கழிகிற மாதங்கள் உங்கள் ஒரு வருடத்திலிருந்துதான் கழியும், அதுதான் என் பயம்.

ஓய்வு மாஸ்டர் | மாங்குளம்

தம்பி நெல்மணி, சட்டத்தரணி ஐயா சொன்ன காலக்கணக்கு உண்மை. ஆனால் உன் கொப்பியில் இருக்கிறவர்கள் நாளைக்கும் உன்னிடம் பசளை வாங்கப் போகிற ஆட்கள். அவர்களுக்குக் கோட்டுக் கடதாசி போனால் அந்தக் குளத்துக்குக் கீழே உள்ள முழு வயல்காரரும் வேறு கடைக்குப் போவார்கள்.

அதோடு, நீ விரும்பினாலும் நேரே வழக்குப் போட முடியாது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட தொகைக்குட்பட்ட பணப் பிணக்கு முதலில் மத்தியஸ்த சபைக்கு வந்தே தீரவேண்டும். அந்த உச்சவரம்பு தொடக்கத்தில் 25,000 ரூபாவாக இருந்தது, பிறகு திருத்தங்களால் இலட்சக் கணக்குக்கு ஏறியிருக்கிறது. அதற்குள் வருகிற பிணக்கு என்றால், இணக்கம் ஏற்படவில்லை என்ற சபையின் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது.

நான் சபையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். பெரும்பாலும் வார இறுதியில் பள்ளிக்கூட மண்டபத்தில் இருப்போம். மூன்று மத்தியஸ்தர்கள், ஒரு மேசை, இரண்டு பக்கத்தாரும் எதிரெதிரே. சட்டத்தரணி வந்து வாதாட இடமில்லை, ஆட்கள் தாங்களே பேசவேண்டும். பசளைக் கடன் வந்தால் முதல் பத்து நிமிசம் கடன்பட்டவர் கடைக்காரரைத் திட்டுவார், “மருந்து கலப்படம், புல் சாகவில்லை” என்பார். அதை விட்டுவிடுவோம். பிறகு கொப்பியை விரித்து இருவரையும் வரிக்கு வரி பார்க்கச் சொல்வோம். அநேகமாகத் தொகையில் சண்டை இருக்காது, எப்போது என்பதில்தான் இருக்கும். “காலபோகத்தில் பாதி, சிறுபோகத்தில் பாதி” என்று எழுதி இருவரும் ஒப்பம் வைத்தால் விசயம் முடிந்துவிடும்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தின வருடத்துக்குப் பிறகு வந்த கடன் பிணக்குகளில் கடைக்காரர் மேலும் பிழை இல்லை, விவசாயி மேலும் பிழை இல்லை. அதற்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல நான் நீதவான் இல்லை, சொல்லவேண்டிய தேவையும் வரவில்லை.

நெல்மணி | பரந்தன்

மாஸ்டர், கறுப்புக்கோட் அண்ணை, இரண்டு பேருக்கும் நன்றி. கொப்பியில் ஒப்பமில்லாதவர்களை இந்தக் கிழமையே போய்ப் பார்க்கிறேன். வர மறுக்கிறவர்களை மாஸ்டர் சொன்னபடி சபைக்குக் கூப்பிடுகிறேன். செக் விசயம்?

கறுப்புக்கோட் | வவுனியா

செக் உங்களிடம் உள்ள மூன்றிலும் பலமான கடதாசி. இரண்டு வழி.

ஒன்று குற்றவியல். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டு விசேட ஏற்பாடுகள் சட்டம் வங்கிகளுக்காக வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதன் 25ஆம் பிரிவு யாருக்கும் பொருந்தும். கணக்கில் போதிய காசில்லை என்று தெரிந்தே செக் எழுதினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா அல்லது செக் தொகையில் பத்து வீதம், இரண்டில் எது கூடவோ அந்தத் தண்டம், அல்லது சிறையும் தண்டமும். “தெரிந்தே” என்பதுதான் அங்கே முடிச்சு. பின்திகதியிட்டு, “இப்போது போடவேண்டாம், பிணைக்கு வையுங்கோ” என்று தந்த செக் என்றால் அந்த முடிச்சு இறுகிவிடும். உங்களுக்கு நெல் ஏற்றின அன்றைய திகதியிலேயே தந்தாரா, பின்திகதியா என்று பாருங்கள்.

மற்றது சிவில். 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, 53ஆம் அத்தியாயம், 703ஆம் பிரிவு தொடங்கி. செக், புரோ நோட், தொகை நிர்ணயித்து எழுதின ஒப்பந்தம், இவற்றுக்குச் சுருக்க நடவடிக்கை முறை உண்டு. சாதாரண வழக்கில் எதிராளி மறுமொழி போட்டு, தவணை தவணையாக இழுக்கலாம். இதில் நீதிமன்றத்தின் அனுமதி வாங்கினால்தான் அவர் எதிர்வாதமே செய்யலாம். தனக்கு உண்மையான எதிர்வாதம் இருக்கிறது என்று சத்தியக்கடதாசியில் காட்டவேண்டும். தேவைப்பட்டால் நீதிமன்றம் பிணைப்பணமும் கேட்கும். விலை விழுந்துபோச்சு என்பது எதிர்வாதம் ஆகாது. ஆனால் செக்கில் வெட்டித் திருத்தியது ஏதும் இருந்தால் நீதிமன்றம் சந்தேகப்படும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே போடுவது? அதே கோவையின் 9ஆம் பிரிவு. எதிராளி வசிக்கும் இடம், ஒப்பந்தம் நடந்த இடம், வழக்குக்குக் காரணம் எழுந்த இடம், எதிலும் போடலாம். நெல் உங்கள் களத்தில் பேசி, உங்கள் களத்தில் ஏற்றப்பட்டது. எனவே கிளிநொச்சி மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். அவர் ஊருக்கு நீங்கள் அலையத் தேவையில்லை, வழக்கும் தமிழிலேயே நடக்கும். கொழும்பில் இருக்கிற வணிக மேல் நீதிமன்றம் 1996ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. வர்த்தமானியில் சொல்லியிருக்கும் பெருந்தொகைக்கு மேற்பட்ட வணிக வழக்குகளுக்கும், கம்பனிச் சட்ட விசயங்களுக்குமான இடம் அது. இரண்டு லொறி நெல்லில் பாதி அந்தக் கணக்குக்குக் கிட்டவும் வராது.

வழக்குக்கு முன் ஒரு கோரிக்கைக் கடிதம் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மூலச் செக்கையும் வங்கி தந்த திருப்பிய துண்டையும் யாரிடமும் கொடுக்காதீர்கள், நிழல்பிரதி மட்டும். இன்னொன்று, உங்கள் கடை பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிவு செய்ததா? பெயரில் கடை நடத்திக்கொண்டு பதிவு இல்லாவிட்டால், அந்த வியாபாரத்தின் ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போடுவதற்கு அதுவே தடையாக வந்து நிற்கும். எதிர்ப்பக்கச் சட்டத்தரணி முதலில் தேடுவது அதைத்தான்.

முள்ளியவளை அக்கா

கடை நடத்துகிற பெண்களுக்காக நானும் இரண்டு சொல்கிறேன்.

கடனுக்குப் பிணை என்று காணி பெர்மிற்றை (அரச காணிக்கான அனுமதிப்பத்திரம்) வாங்கி அலுமாரிக்குள் வைத்திருக்கிற கடைக்காரர் எங்கள் பக்கம் நிறைய. அதைக் கொண்டு கஞ்சியும் காய்ச்ச ஏலாது. பெர்மிற் காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள் வருவது. பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் அதை ஒருவருக்கும் கைமாற்ற முடியாது. அட்டையை நீங்கள் வைத்திருப்பதால் காணி உங்களுக்குப் பிணை ஆகாது. உறுதிக் காணி என்றாலும் நொத்தாரிசு முன் இரண்டு சாட்சியோடு ஈட்டு உறுதி முடிக்கவேண்டும், உறுதியை வாங்கி வைத்திருந்தால் மட்டும் போதாது.

மற்றது தேசவழமை, அதாவது வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டம். தேசவழமைக்குட்பட்ட திருமணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. என் கடைக்கு வங்கிக் கடன் எடுக்கப் போனபோது அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அவர் 2009இல் காணாமல் போனவர், அவருடைய கையெழுத்துக்கு நான் எங்கே போவது? பிறகுதான் அதே சட்டத்தில், கணவர் கைவிட்டுப் போனாலோ சம்மதம் பெற முடியாத நிலை இருந்தாலோ மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை தரலாம் என்று சட்ட உதவி ஆணைக்குழுவில் சொன்னார்கள். 2016இல் வந்த திருத்தத்தின் கீழ் காணாமல் போனமைக்கான சான்றிதழும் எடுக்கலாம், மரணச் சான்றிதழ்தான் எடுக்கவேண்டும் என்று இல்லை. எனக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வரவில்லை. அதை வங்கியில் ஒருவருக்கும் விளங்கப்படுத்தவும் முடியவில்லை.

கலியாணத்துக்குப் பிறகு கடையில் உழைத்தது தேடியதேட்டம் (திருமணக் காலத்தில் தேடின சொத்து) என்பதையும் மறக்கவேண்டாம். கூட்டாளி செத்தால், பிரிந்தால், மற்றவரின் மனைவியும் பிள்ளைகளும் கணக்குக் கேட்டு வருவார்கள். வரவேண்டியதுதான்.

பனிமூட்டம் | டொரன்டோ

அக்கா சொன்னதைப் படித்ததும் ஒரு நிமிசம் ஒன்றும் எழுத வரவில்லை.

என் கேள்வி நெல்மணியின் மூன்றாவது விசயம் போன்றதுதான். புதுக்குடியிருப்பில் ஒரு உறவினரோடு சேர்ந்து கடை போட இங்கிருந்து காசு அனுப்பினேன். எழுத்து இல்லை, எல்லாம் வைபரில் பேசினது. அங்கே வராமல் வழக்குப் போடலாமா?

கறுப்புக்கோட் | வவுனியா

இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன், ஏனென்றால் பிரச்சினை ஒன்று.

இலங்கையின் பொதுவான ஒப்பந்தச் சட்டம் ரோமன் டச்சுச் சட்டம். வாய்மொழி ஒப்பந்தமும் அதில் செல்லும். ஆனால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் சில விசயங்களுக்குக் கட்டாயம் எழுத்து கேட்கிறது. அதன் 18ஆம் பிரிவில், மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமை ஒன்றை நிறுவ எழுத்தும் ஒப்பமும் வேண்டும். ஆயிரம் ரூபா! விக்டோரியா மகாராணி காலத்தில் அது பெரிய முதல். இப்போது தேத்தண்ணிக் கடைக்கும் அதைவிடக் கூட வேண்டும். அந்தத் தொகையை இன்றுவரை ஒருவரும் உயர்த்தாததால், எழுத்தில்லாத கூட்டு வியாபாரம் அநேகமாக எல்லாமே அந்தப் பிரிவில் இடறி விழுகிறது. என்னைக் கேட்டால் இது திருத்தப்படவேண்டிய சட்டம். ஊரில் மாமனும் மருமகனும் கூட்டாகக் கடை போடும்போது எழுதி ஒப்பமிடுவதை அவமரியாதையாக நினைக்கிறார்கள், பிறகு சட்டம் நேர்மையில்லாதவன் பக்கம் போய் நின்றுவிடுகிறது.

ஆனால் கதவு முழுக்க மூடவில்லை. அதே பிரிவில் ஒரு காப்புவாசகம் உண்டு. பங்காளிகள் செய்த கொடுக்கல் வாங்கல் பற்றியும், அவர்களுக்கிடையில் தீர்த்த கணக்குப் பற்றியும் வாய்மொழிச் சாட்சியம் தடுக்கப்படவில்லை. வெளியாள் பங்காளிகள்மேல் வழக்குப் போடுவதையும் அது தடுக்காது. கூட்டுக்கு டீசல் கடனுக்குக் கொடுத்தவர், எழுத்தில்லாவிட்டாலும் இருவர்மேலும் போடலாம்.

நெல்மணி, உங்களுக்கு நான் பார்க்கிற வழி வேறு. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு. விலையை ஒருவர் செலுத்த, சொத்து இன்னொருவர் பெயரில் எழுதப்பட்டால், செலுத்தினவர் அதைத் தானம் செய்யும் நோக்கத்தில் செலுத்தவில்லை என்று தெரிந்தால், பெயர் வைத்திருப்பவர் செலுத்தினவரின் நன்மைக்காகவே அதை வைத்திருக்கிறார். உங்கள் வங்கி மாற்றல், மெசின் வாங்கின திகதி, அதே கிழமை விற்பனையாளருக்குப் போன காசு, இந்த மூன்றும் ஒரு கோட்டில் நின்றால் அது நல்ல வாதம். அதோடு மாற்றாக, அவனே கடன் என்று ஒப்புக்கொள்கிறானே, அப்படியானால் கடனாகவே தா என்று இரண்டாவது வேண்டுதலும் வைக்கலாம். “ஆறுதலாகத் தருகிறேன்” என்றதை வட்சப்பில் எழுதியிருக்கிறானா?

பனிமூட்டம், உங்களுக்கும் அதே அடிப்படை. வராமலே நடத்த அற்றோணித் தத்துவம் (உங்களுக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுத்து இங்கே ஒருவரை நியமிக்கலாம், அங்கே தூதரகத்தில் உறுதிப்படுத்தி இங்கே பதிவு செய்யவேண்டும். ஆனால் சாட்சியம் என்று வரும்போது நேரில் கண்டவர், பேசினவர் நீங்கள்தான். அதை அற்றோணிக்காரர் உங்களுக்காகச் சொல்ல முடியாது. அங்குள்ள காலவரையறையை இங்கே எதிர்பார்க்கவும் வேண்டாம்.

நெல்மணி | பரந்தன்

வட்சப்பில் குரல் பதிவாக அனுப்பியிருக்கிறான். “மச்சான், உன்ர காசு பாதுகாப்பாத்தான் இருக்கு, மெசின் ஓடட்டும்” என்று.

கறுப்புக்கோட் | வவுனியா

அழிக்காதீர்கள். போனையும் மாற்றாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் கீழ் இப்படியான செய்திகளைச் சான்றாக முன்வைக்கலாம். திரையைப் படமெடுத்து அச்சடித்தது மட்டும் போதும் என்று நினைக்கவேண்டாம், மூலப் பதிவு அந்தப் போனிலேயே இருக்கவேண்டும். “உன்ர காசு” என்றால் கடனும் ஆகலாம், பங்கும் ஆகலாம். “மெசின் ஓடட்டும்” என்பதுதான் உங்களுக்குச் சாதகம்.

செட்டிகுளத்தான்

மெசின் லீசிங்கில் எடுத்ததா? ஆம் என்றால் இதையும் கேளுங்கள். நான் உழவு மெசின் ஒன்றை ஒரு லீசிங் கம்பனியில் எடுத்தேன், மூன்று தவணை பிந்தியது, இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வவுனியாவில் வழக்குப் போடப் போனேன். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில், பிணக்கு எதுவானாலும் கொழும்பில் நடுத்தீர்ப்பு (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தரும் தீர்ப்பு) என்று பொடி எழுத்தில் இருந்தது. நான் ஒப்பமிட்டபோது அந்தப் பக்கத்தை ஒருவரும் புரட்டிக் காட்டவில்லை. ஒப்பந்தம் தமிழிலும் இல்லை.

கறுப்புக்கோட் | வவுனியா

1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம். ஒப்பந்தத்தில் அந்த வாசகம் இருந்து, மற்றப் பக்கம் ஆட்சேபித்தால் 5ஆம் பிரிவுப்படி நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இல்லை. கடிதம் வந்தால் தூக்கி எறியாமல் போய் முன்னிலையாகுங்கள், போகாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வரும். தீர்ப்பு வந்தபின் அதை ஒதுக்கக் கோருவதற்கு 60 நாட்கள்தான், அதற்கான காரணங்களும் மிகக் குறுகியவை. பொடி எழுத்துக்கு எதிராக 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இருக்கிறது, ஆனால் அது எல்லாப் பூட்டுக்குமான சாவி இல்லை.

நெல்மணி, லீசிங் முடியாத மெசின் என்றால் பதிவில் முழு உரிமையாளர் கம்பனிதான். அப்போது 84ஆம் பிரிவு வாதமும் சிக்கலாகும். பதிவுப் புத்தகத்தை முதலில் பாருங்கள்.

பூநகரிக்காரன்

சரி, எல்லா வழக்கும் வென்றாச்சு என்று வைப்போம். அவனிடம் காசே இல்லை. அப்புறம்?

கறுப்புக்கோட் | வவுனியா

நல்ல கேள்வி, வழக்குப் போட முதல் கேட்கவேண்டியதும் இதுதான். தீர்ப்பாணை எடுத்தபின் எழுத்தாணை (அதை நிறைவேற்றும் கட்டளை) எடுத்துச் சொத்தைக் கைப்பற்றி விற்பிக்கவேண்டும். கையில் ஒன்றும் இல்லாதவன்மேல் எடுத்த தீர்ப்பாணை கோப்புக்குள்தான் இருக்கும். விவசாயி என்றால் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 218ஆம் பிரிவு அவனுடைய அவசியமான பயிர்ச்செய்கைக் கருவிகள், மாடு, விதைநெல் ஆகியவற்றைக் கைப்பற்ற விடாது. அந்தப் பாதுகாப்பு இருக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து, கடைக்காரர் கோபித்தாலும்.

ஆனால் யாபாரி வழக்கு நடக்கும்போதே லொறியை மச்சான் பெயருக்கு மாற்றுகிறார் என்று தெரிந்தால், அதே கோவையின் 653ஆம் பிரிவின் கீழ் தீர்ப்புக்கு முன்பே சொத்தைத் தடுத்துவைக்கக் கேட்கலாம். ஏமாற்றும் நோக்கத்தோடு கைமாற்றுகிறார் என்று சத்தியக்கடதாசியில் காட்டவேண்டும், ஊர்க்கதை போதாது.

வட்டி பற்றியும் யாராவது கேட்பார்கள். எத்தனை வருடம் போனாலும் அறவிடக்கூடிய வட்டி முதலைத் தாண்ட முடியாது, 1852ஆம் ஆண்டின் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம், 5ஆம் பிரிவு. காசுக் கடனுக்குப் புரோ நோட் எழுதினால், உண்மையில் கொடுத்த முதல், முன்கூட்டிக் கழித்த வட்டி, வருட வட்டி வீதம் மூன்றும் அதில் இருக்கவேண்டும் என்கிறது 1918ஆம் ஆண்டின் பணம் கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டம். தொகையை வெறுமையாக விட்டு ஒப்பம் வாங்குவது குற்றம். வெற்று நோட் வைத்திருக்கும் வட்டிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு என்னைத் தேடவேண்டாம்.

ஓய்வு மாஸ்டர் | மாங்குளம்

நண்பன் விசயத்தில் ஒன்று சொல்லவா? வழக்குப் போட முதல் அவனையும் ஒருமுறை கூப்பிட்டுப் பேசு. தனியாக வேண்டாம், இருவருக்கும் பொதுவான ஒருவரை வைத்துக்கொண்டு. கணக்கைப் பார்த்து எழுதுங்கள்.

கறுப்புக்கோட் | வவுனியா

மாஸ்டரோடு இதில் நான் ஒத்துப்போகிறேன், ஒரு திருத்தத்தோடு. பேசி முடித்து எழுதும்போது “பங்கு” என்றும் தொகையென்றும் இருவரும் ஒப்பமிட்ட ஒரு தாள் வரட்டும். அந்தத் தாள் வந்தாலே 18ஆம் பிரிவுத் தடை போய்விடும்.

நெல்மணி | பரந்தன்

பதிவுப் புத்தகத்தின் நிழல்பிரதி கிடைத்தது. லீசிங் போன வருடமே கட்டி முடிந்திருக்கிறது, எனக்குச் சொல்லவில்லை. செக் பின்திகதி இல்லை, நெல் ஏற்றின அன்றைய திகதிதான். வியாபாரப் பெயர் பதிவு இருக்கிறது, ஆனால் கடையை இடம் மாற்றின பிறகு விலாசம் திருத்தவில்லை.

கறுப்புக்கோட் | வவுனியா

அப்படியென்றால் முதலில் பிரதேச செயலகம், விலாசத் திருத்தம். அது முடிந்ததும் யாபாரிக்குப் பதிவுத் தபால். கொப்பியையும் செக்கையும் தூக்கிக்கொண்டு கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள், கட்டணம் கட்டக் கஷ்டம் என்றால் சட்ட உதவி ஆணைக்குழு. மூன்றும் மூன்று வேறு ஆட்கள், வேறு காரணங்கள், எனவே மூன்று வழக்கு. கொப்பிக் கடனுக்கு மாசி, மறக்கவேண்டாம்.

நெல்மணி | பரந்தன்

நேற்று நான்கு பேரிடம் ஒப்பம் வாங்கிவிட்டேன். ஒருவர் ஒப்பம் வைத்துவிட்டு, இந்தப் போகத்துக்கும் இரண்டு பை யூரியா கடனுக்குக் கேட்டார்.

முள்ளியவளை அக்கா

குடுத்தீங்களா?

நெல்மணி | பரந்தன்

குடுத்தேன் அக்கா. எழுதி, திகதி போட்டு.